கத்திக்கு ரீடேக் கிடையாது

பாறசாலை எல்லையில் ஒரு சவரக் கடையைப் படமெடுக்க வந்தது டி.வி. குழு. அவர்களுக்கு வேண்டியிருந்தது பழமை. கடைக்காரர் அதிலிருந்து தப்பித்து வந்தவர்.

செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லியிருந்தேன். தில்லியிலிருந்து பேசிய டைரக்டருக்கு அது பிடிபடவில்லை. கடைக்கு விடுமுறை என்றால் கூட்டம் இருக்காது, விளக்குகளை வைக்கத் தோதாக இருக்கும் என்று கணக்குப் போட்டார். கணக்கு தப்பவில்லை. கூட்டம் இல்லை. ஆனால் ஒரு தலையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை முடி வெட்டிக்கொள்ளும் வழக்கம் எல்லைக்கு இந்தப்புறமும் இல்லை, அந்தப்புறமும் இல்லை. எதிர் டீக்கடை பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். தலை கொடுக்க ஒருவரும் எழவில்லை. தேசிய சேனலில் முகம் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் டைரக்டரின் பார்வை இரண்டு நாள் தாடியோடு நின்றிருந்த மொழிபெயர்ப்பாளன் மீது விழுந்தது. அது நான்தான். பேசிய கூலியில் முகமும் சேர்த்தியா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அடுத்த சிக்கல். முதல் டேக்கில் இடது கன்னம் முடிந்தது. காமிராமேன் உதட்டைப் பிதுக்கினார். கண்ணாடியில் அவருடைய பிம்பமே விழுந்துவிட்டது, மறுபடி வேண்டும் என்றார். கடைக்காரர் சோப்பு நுரை தோய்ந்த பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். “சாரே, கத்திக்கு ரீடேக் கெடையாது கேட்டியளா. செரைச்ச கன்னத்துல மறுபடி எதைச் செரைக்க?” இதை நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பெஞ்சு முழுக்கச் சிரித்தது. மிச்சமிருந்த வலது கன்னத்தைப் பத்திரமாக இரண்டாவது டேக்குக்கு ஒதுக்கினார்கள். அந்தக் கன்னத்துக்கு விளக்கு சரிசெய்யவே முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை பாதி முகத்தோடு நான் டீ குடித்தேன்.

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே இஞ்சிவிளை என்ற ஊர். பழைய 47ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு மாநிலம் மாறுவது கடைப் பலகைகளால்தான் தெரியும். தமிழ்நாட்டுப் பக்கம் ‘சலூன்’, ‘முடிதிருத்தகம்’. கேரளப் பக்கம் வந்ததும் அதே கண்ணாடி, அதே நாற்காலி, அதே நடிகர்களின் படம், மேலே மலையாள எழுத்தில் ‘பார்பர் ஷாப்’. உள்ளே பேச்சு மட்டும் மாறுவதில்லை. ‘முடி வெட்டணும்’ என்பது இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றேதான். மொழிபெயர்ப்பாளனுக்கு இதைவிட வேலை குறைந்த இடம் கிடையாது என்று நினைத்துத்தான் நான் ஒப்புக்கொண்டேன்.

படம் ஒரு தொடரின் பகுதி. மறைந்துகொண்டிருக்கும் தொழில்கள் பற்றியது. டைரக்டர் கெட்டவர் அல்ல. நிறையப் படித்துவிட்டு வந்திருந்தார். அவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. மடக்கு சவரக்கத்தி, அதைத் தீட்டுகிற தோல் வார், சாணைக்கல், பித்தளைக் கிண்ணி, படிகாரக் கல், கையால் அமுக்கி வெட்டுகிற பழைய மிஷின். இவையெல்லாம் வைக்கிற பைக்குத் தமிழில் என்ன பெயர் என்று என்னிடம் கேட்டார். அடைப்பம் என்றேன். அந்தச் சொல் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதையே எபிசோடின் தலைப்பாக வைக்கலாம் என்றார்.

கடையில் அடைப்பம் இல்லை. பாதி பிளேடு ஒடித்துச் சொருகுகிற பிளாஸ்டிக் கைப்பிடிதான் இருந்தது. ஆளுக்கு ஒரு புது பிளேடு. எய்ட்ஸ் பயம் பரவிய 1990களில் ‘புது பிளேடு கேளுங்கள்’ என்ற பிரசாரம் வந்தது. மடக்குக் கத்தி அதோடு அலமாரிக்குள் போய்விட்டது. தோல் வாரும் பின்னாலேயே போயிற்று. மேஜை மீது ஸ்பிரே பாட்டில், மின்சார டிரிம்மர், சுவரில் ஒரு டி.வி. அதில் மலையாளச் செய்தியும் தமிழ்ப் பாட்டும், வாடிக்கையாளர் கை ரிமோட்டில் எப்படிப் போகிறதோ அப்படி மாறி மாறி ஓடும்.

அப்பாவின் அடைப்பம் வீட்டில் இருக்கிறதா என்று டைரக்டர் கேட்கச் சொன்னார். இருக்கிறது. அதைக் கொண்டுவந்து, கடைக்குப் பின்னால் நிற்கிற பலாமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எனக்கு எதிரே வைத்துச் சவரம் செய்தால் காட்சி பிரமாதமாக வரும். நான் மொழிபெயர்த்தேன். கடைக்காரர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. “அது மட்டும் வேண்டாம் சாரே” என்றார். ஏன் என்று டைரக்டர் கேட்டார். ஏன் என்பதை மொழிபெயர்க்க எனக்கு அந்த மத்தியானம் முழுக்கப் போதவில்லை.

அவருடைய அப்பா குடிமகன். இன்றைய செய்தித்தாளில் ‘குடிமகன்’ என்றால் பிரஜை. கேலியாகச் சொன்னால் சாராயம் குடிப்பவர். தெற்கத்திக் கிராமங்களில் அதற்கு மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு. இன்னின்ன குடும்பங்களுக்கு இன்னார் என்று ஊர் ஒதுக்கி வைத்த நாவிதர். அவர் வாடிக்கையாளரைத் தேடிப் போவார். வீட்டுக்குள் போக மாட்டார். புறவாசலிலோ தோப்பிலோ மரத்தடியிலோதான் தொழில். கூலி காசாக வராது. அறுவடையின்போது நெல்லாக வரும். கல்யாணத்தில் மாப்பிள்ளைச் சவரம், சாவில் எரியூட்டும் வரை கூடவே நிற்பது எல்லாம் அந்த நெல்லுக்குள் அடக்கம். வர முடியாது என்று சொல்ல முடியாது. அப்பாவை விட வயதில் சின்னவர்கள் அவரை ஒருமையில் கூப்பிடுவதைப் பார்த்து வளர்ந்தவர் கடைக்காரர். அவர் இந்த இரண்டு நாற்காலிகளை வாங்கியதே அந்த மரத்தடியிலிருந்து எழுந்துவிடத்தான். அதே மரத்தடியில் காமிராவுக்காக உட்காரச் சொன்னால் எப்படி?

டைரக்டருக்கு இது புரிந்தது. புரிந்த பிறகும், “ஒரே ஒரு ஷாட்” என்றார்.

எனக்குத் தனியாக ஒரு தலைவலி இருந்தது. திரையின் அடியில் இவருடைய தொழில் என்று எந்தச் சொல்லைப் போடுவது? தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. ஏராளமாக இருப்பதுதான் கஷ்டம். அம்பட்டன், நாசுவன் என்பவை இன்று வசவுகள். நாவிதர் இலக்கியச் சொல். பண்டிதர், பரியாரி, மருத்துவர் என்பவை வைத்தியத்தோடு சேர்ந்தவை. கட்டி அறுப்பதும் புண் ஆற்றுவதும் இவர்கள் கையில் இருந்தன. பிரசவம் பார்த்தவர் வீட்டுப் பெண்மணி, மருத்துவச்சி. மலையாளத்தில் வயற்றாட்டி. இதில் நாம் விசித்திரமானவர்கள் அல்ல. லண்டனில் 1540 முதல் 1745 வரை நாவிதர்களும் அறுவை மருத்துவர்களும் ஒரே சங்கம். அங்கே பிரிந்துபோன சர்ஜன் பெரிய டாக்டராகிவிட்டார். இங்கே வைத்தியம் போய், பெயர் மட்டும் மிஞ்சியது.

தெற்குத் திருவிதாங்கூருக்கு என்று தனியாகச் சில பெயர்கள் உண்டு. விளக்கித்தலவன், விளக்கித்தல நாயர். 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் ஜாதித் தொகுப்பு அம்பட்டனுக்கு ஓர் அத்தியாயம், விளக்கித்தலவனுக்கு ஓர் அத்தியாயம் என்று தனித்தனியே எழுதுகிறது. தமிழக அரசின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மருத்துவர், நாவிதர் என்பவற்றோடு விளக்கித்தல நாயரும் இருப்பதைப் பார்த்து மதுரைக்காரர்கள் புருவத்தை உயர்த்தலாம். கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரிலிருந்து வந்தபோது கூடவே வந்த பெயர் அது. அதே வரியின் கடைசியில் இன்னொரு பெயர் இருக்கிறது: பிராணோபகாரி. உயிருக்கு உபகாரம் செய்பவர். முதுகலையில் நான் படித்த எந்தப் பாடத்திலும் இவ்வளவு கம்பீரமான தொழிற்பெயரைப் பார்த்த ஞாபகம் இல்லை. ஆனால் தெருவில் இவர்களை யாரும் அப்படிக் கூப்பிட்டும் நான் கேட்டதில்லை.

இந்த எல்லைக் கோடு விழுந்த கதையையும் டைரக்டருக்கு இடையில் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்கக் கோரி மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாயின. கோரிக்கையில் நெய்யாற்றின்கரையும் இருந்தது, தேவிகுளமும் பீர்மேடும் இருந்தன. அவை கேரளத்தில் நின்றுவிட்டன. பாறசாலை நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருந்ததால் இந்தப் பக்கம். கடைக்காரரின் மனைவி குழித்துறைக்காரர்; அந்தப் பக்கம். கோடு அவர்கள் குடும்பத்தை ஒன்றும் செய்யவில்லை, 2020 வரை.

அந்த ஆண்டு ஊரடங்கில் எல்லைச் சாலைகளை அடைத்தார்கள். களியக்காவிளை வாடிக்கை மொத்தமும் நின்றது. மே மாதம் கேரளத்தில் ஏ.சி. இல்லாத சவரக் கடைகளைத் திறக்க விட்டபோது, துண்டை அவரவர் கொண்டுவருவது நல்லது என்றார்கள். தமிழ்நாட்டில் ஜூன் மாதம் முடி வெட்ட வருபவரின் ஆதார் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். இங்கே துண்டு, அங்கே ஆதார் என்று கடைக்காரர் இன்றும் சிரிக்கிறார். கடன் வாங்கிச் சாப்பிட்ட மாதங்கள் அவை என்பதையும் அதே சிரிப்போடு சொல்கிறார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியைப் பற்றிப் பேச்சு வந்தது. அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மரத்தடியில் நாவிதர் குடியானவரைத் தேடிப் போனார். கடையில் குடியானவர் நாவிதரைத் தேடி வருகிறார், வரிசையில் காத்திருக்கிறார், தனக்கு முன் யார் உட்கார்ந்து எழுந்தாரோ அதே நாற்காலியில் உட்காருகிறார். சட்டம் இதை முன்பே யோசித்திருக்கிறது. கடைகளுக்குள் நுழைய ஜாதியைக் காட்டித் தடை போடக் கூடாது என்கிற, இன்றைய 15ஆவது ஷரத்து 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபைக்கு வந்தபோது, ‘கடை’ என்றால் என்ன என்று ஓர் உறுப்பினர் கேட்டார். சேவை தருகிற எவரையும் குறிக்கும் விரிந்த பொருளில்தான் அந்தச் சொல் இருக்கிறது என்று விளக்கிய அம்பேத்கர், உதாரணமாகச் சொன்னவற்றில் சலவையும் சவரமும் இருந்தன. மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டிய இடம். ஒரே ஒரு சொல்லின் பொருளில் எத்தனை கோடிப் பேரின் தலை இருந்தது! 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் சேவை மறுப்பைத் தண்டனைக்குரியதாக்கியது.

சட்டம் வந்து 65 வருஷம் கழித்து, 2020 செப்டம்பரில், கேரளத்தின் இன்னொரு தமிழ் மூலையிலிருந்து அந்தச் செய்தி வந்தது. மூணாறுக்கு மேலே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வட்டவடை. உருளைக்கிழங்கும் பூண்டும் விளைகிற பஞ்சாயத்து. மக்கள் பேசுவது தமிழ். 2018இல் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் கொல்லப்பட்ட மாணவர் அபிமன்யுவின் ஊர். அங்கே சக்கிலியர் சமூகத்தினருக்குச் சவரக் கடைகளில் முடி வெட்டுவதில்லை. மூணாறுக்கோ மறையூருக்கோ போய்த்தான் வெட்டிக்கொண்டார்கள். இளைஞர்கள் புகார் செய்தார்கள். மறுத்த கடைகளைப் பஞ்சாயத்து மூடியது. எல்லோருக்குமான பொதுச் சவரக் கடை ஒன்றைத் தானே திறந்தது. தேவிகுளம் எம்.எல்.ஏ. எஸ். ராஜேந்திரன் திறந்துவைத்தார். எந்த மாநிலத்தில் சேர வேண்டும் என்று ஒரு காலத்தில் சண்டை போட்ட தேவிகுளம் தாலுகாதான் இது. எந்தப் பக்கம் சேர்ந்திருந்தாலும் இந்த நாற்காலிப் பிரச்னை தீர்ந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து இதே புகார் வராத வருஷம் இல்லை.

வட்டவடைக்குக் காமிராக்கள் போனது நல்லதுக்கு. அவை போகாதிருந்தால் வெளியே தெரிந்திருக்காது. அடுத்த மாதமே இன்னொரு சலூன் செய்தியில் வந்தது. தூத்துக்குடி மில்லர்புரத்தில் தன் கடைக்குள் நூலகம் வைத்திருக்கும் பொன் மாரியப்பன். எட்டாவதோடு படிப்பை விட்டவர். காத்திருக்கும் நேரத்தில் புத்தகம் படித்தால் கட்டணத்தில் தள்ளுபடி. 2020 அக்டோபர் 25 ‘மன் கீ பாத்’தில் பிரதமர் அவரோடு தமிழில் சில வார்த்தைகள் பேசினார். பிடித்த புத்தகம் எது என்று கேட்டார். திருக்குறள் என்றார் மாரியப்பன். அதன் பிறகு அந்தச் சிறிய கடைக்குள் நுழையாத டி.வி. இல்லை.

சினிமாவுக்கும் இந்த நாற்காலி பிடிக்கும். ஸ்ரீனிவாசன் எழுதி நடித்த ‘கத பறயும்போள்’ 2007இல் வந்தது. ஏழை நாவிதர் ஒருவர், சூப்பர் ஸ்டாரான பால்ய நண்பர். தமிழில் 2008இல் ‘குசேலன்’ ஆனபோது பசுபதி அந்த நாவிதர். ஹிந்தியில் 2009இல் இர்ஃபான் கான். ஹிந்திப் படத்தின் பெயர் ‘பில்லு பார்பர்’. ‘பார்பர்’ என்ற சொல் தங்களை இழிவுபடுத்துகிறது என்று மும்பை சலூன்காரர்களின் சங்கம் ஆட்சேபித்தது. தயாரிப்பாளர் ஷாருக் கான் ஒப்புக்கொண்டார். வைத்த போஸ்டர்களில் அந்தச் சொல்லை மறைத்தார்கள். படம் ‘பில்லு’ என்றே வெளிவந்தது. பாறசாலையில் பலகையில் எழுதி மாட்டியிருக்கிற சொல் மும்பையில் வசவு. அங்கே கௌரவமாகப் படுகிற சொல் இங்கே எப்படியோ. இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு திரையடியில் ஒரு சொல்லைப் போட வேண்டியவனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

சாயந்திரம் நாலு மணிக்குக் கடைக்காரரின் மகள் வந்தார். திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டிக்குக் கிளம்பி, பஸ் பிடிக்கப் போகிற வழியில் கடையில் விளக்கைப் பார்த்து நின்றவர். பலாமரத்தடியில் யாரோ பாய் விரித்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. என்னிடம் தமிழில் பேசவில்லை. டைரக்டரிடம் நேராக ஹிந்தியில் பேசினார். தில்லியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவராம். சத்தம் போடவில்லை. அப்பாவைக் கடைக்குள் எடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள், தாத்தாவின் பையை எடுக்க வேண்டுமென்றால் பையை மட்டும் எடுங்கள், தாத்தாவாக அப்பாவை உட்கார வைக்காதீர்கள் என்றார். அவர் பஸ் வந்தது. போய்விட்டார். பெயரையும் போட வேண்டாம் என்று கடைக்காரர் அப்புறம் கேட்டுக்கொண்டார். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள்.

டைரக்டர் பாயைச் சுருட்டச் சொன்னார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். கடையில் இரண்டாவது நாற்காலிக்கு ஒரு பையன் உண்டு. உத்தரப் பிரதேசத்துக்காரன். கேரளத்துச் சவரக் கடைகளில் இப்போது இவர்கள் நிறைய. உள்ளூர்ப் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் வேறு வேலைகளுக்கும் போய்விட்டார்கள். கடைக்காரரின் மகன் வண்டி ஓட்டுகிறான். காலையிலிருந்து லைட்டு பிடிப்பதும் பிளக் மாற்றுவதுமாக அந்தப் பையன் ஓடிக்கொண்டிருந்தான். யூனிட்டில் எல்லோரும் அவனோடு ஹிந்தியில் அரட்டை அடித்தார்கள். முன்னால் ஃபேட் கட், பின்னால் இது, பக்கத்தில் அது என்று ஃபோனில் படம் காட்டுகிற இளவட்டங்களுக்கு அவன்தான் வெட்டுகிறான். கடையில் பாதி வருமானம் அவன் கையில். ஆனால் ஃபிரேமுக்குள் வந்தால் நகரச் சொன்னார்கள். மறைந்துகொண்டிருக்கும் தொழில் என்று படமெடுக்கும்போது இருபது வயதுப் பையன் ஒருவன் குறுக்கே நின்றால் நன்றாகவா இருக்கும்? பாரம்பரியம் வேறு கெட்டுவிடும். மறைகிறதா, கை மாறுகிறதா என்று டைரக்டரைக் கேட்டேன். அடுத்த எபிசோடுக்கு நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு மானிட்டரைப் பார்க்கப் போனார்.

இருட்டுவதற்குள் வலது கன்னம் முடிந்தது. கடைக்காரர் தன் வழக்கப்படி படிகாரக் கல்லைத் தண்ணீரில் தோய்த்து முகம் முழுக்கத் தேய்த்தார். பட்டியலில் இருந்த பொருள்களில் அந்தக் கடையில் உண்மையாகவே புழக்கத்தில் இருந்தது அது ஒன்றுதான். காமிராவை அதற்குள் மூட்டை கட்டிவிட்டார்கள். காசு கொடுத்தேன். வாங்கவில்லை. “செவ்வாக்கெழமை காசு வாங்கப்பிடாது சாரே” என்றார். அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தொழில் என்ற இடத்தில் நான் எழுதிக் கொடுத்தது ‘கடை உரிமையாளர்’. அவரிடம் கேட்டுத்தான் எழுதினேன். அதை மாற்ற வேண்டாம் என்று தனியாகக் குறிப்பும் வைத்தேன்.

நிகழ்ச்சி நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாறசாலை அதில் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. பித்தளைக் கிண்ணி வந்தது. எங்கே எடுத்தார்களோ, அது இந்தக் கடையில் இல்லாதது. அடைப்பம் தனியாக ஒரு பெஞ்சின் மேல் இருந்தது. மரத்தடி இல்லை. கடைக்காரர் வந்தபோது அடியில் ‘கடை உரிமையாளர்’ என்றே இருந்தது. இடது கன்னத்துக் காட்சியைத்தான் கடைசியில் வைத்திருந்தார்கள், காமிராமேன் வேண்டாம் என்று சொன்ன அதே டேக். கண்ணாடியில் அவர் தெரியவில்லை, வெட்டிச் சரிசெய்திருந்தார்கள். அவருக்குப் பின்னால் பிளக்கைக் கையில் பிடித்தபடி அந்தப் பையன் நின்றுகொண்டிருந்தான். அவனை எடிட்டர் கவனிக்கவில்லை போலிருக்கிறது.